சாந்தகுணத்தை எங்கிருந்து பழகத் தொடங்குவது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள்" என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை (மத்தேயு 5:5) வாசிக்கும்போது பலருக்கும் உள்ளுக்குள் ஒரு தயக்கம் வருகிறது. சாந்தமாக இருந்தால் பூமியை எங்கே சுதந்தரிப்பது, கையில் இருப்பதையும் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிடுவார்களே என்று தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வசனம் வெறும் வெளியில் பிறக்கவில்லை. இயேசு அதை 37-ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கிறார், அந்தச் சங்கீதமோ அநியாயக்காரன் நன்றாக வாழ்வதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருக்கிறவனை நோக்கித்தான் பாடுகிறது. ஏமாற்றப்பட்டவன், முந்தப்பட்டவன், தன் நியாயத்தைக் கேட்க ஆளில்லாதவன், இவர்களுக்குத்தான் "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவி" என்று அங்கே சொல்லப்படுகிறது. அதாவது உலகம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்தே கொடுக்கப்பட்ட வாக்குறுதி இது.

இந்தக் கட்டுரை விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பல வருடமாகச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தாலும் இந்த ஒரு குணத்தை எப்படிப் பழகுவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் எழுதியது. படிப்படியாகத்தான் சொல்லப்போகிறேன், ஆனால் எல்லாப் படியும் ஒரே அளவு இருக்காது. சிலவற்றுக்கு ஒரு வாரம் போதும், சிலவற்றுக்கு ஆயுள் முழுக்க வேண்டும்.

தொடங்கும் முன்: எதைப் பழகப்போகிறோம்

சாந்தகுணம் என்றதும் வாயில்லாப் பூச்சி மாதிரி ஒரு ஆள் மனதில் வந்தால், அந்தப் படத்தை முதலில் கழற்றி வையுங்கள். வேதாகமத்தில் "பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன்" என்று பெயர் வாங்கியவர் மோசே (எண்ணாகமம் 12:3). அவர் பார்வோன் முன்னால் போய் நின்றவர். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து ஆடியபோது கற்பலகைகளை வீசி உடைத்தவர். "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று தம்மைப் பற்றிச் சொன்ன இயேசு, தேவாலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் பலகைகளைக் கவிழ்த்தவர். ஆக, கோபமே வராத ஆள்தான் சாந்தகுணமுள்ளவர் என்று நினைக்க இடமில்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? மோசேயின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். மீரியாமும் ஆரோனும் அவர் மணந்த எத்தியோப்பிய ஸ்திரீயைக் காரணம் காட்டி அவருக்கு விரோதமாகப் பேசினார்கள், "கர்த்தர் மோசேயைக்கொண்டு மாத்திரம் பேசினாரோ" என்று அவருடைய இடத்தையே கேள்வி கேட்டார்கள். சொந்த அக்காவும் அண்ணனும். மோசே அங்கே ஒரு வார்த்தை பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. கர்த்தர்தான் பேசினார். மீரியாமுக்குக் குஷ்டம் பிடித்தபோது மோசே வாயைத் திறந்தார், அதுவும் "என் தேவனே, அவளைக் குணமாக்கும்" என்று கெஞ்சுவதற்காக. தேவனுடைய கனத்துக்காக எரிந்த அதே மனிதர், தன் கனத்துக்காக எரியவில்லை. என்னைக் கேட்டால் சாந்தகுணத்தின் மையம் இதுதான்: என் வழக்கை நானே வாதாடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, அதை நியாயாதிபதியிடம் கொடுத்துவிடுவது. கொடுத்துவிட்டால் கை காலியாகிறது, அந்தக் கையால் மற்றவர்களுக்கு ஏதாவது செய்யமுடிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள், புதியவர்களுக்கு இது மிகவும் தைரியம் தரும். இதே மோசே இளமையில் ஒரு எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்தவர். அதற்கப்புறம் மீதியான் தேசத்தில் 40 வருடம் ஆடு மேய்த்தார். சாந்தம் அவருக்குப் பிறவிக் குணம் கிடையாது. "எனக்கு இயல்பிலேயே முன்கோபம், என்ன செய்ய" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கவேண்டும். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் சாந்தம் ஆவியின் கனிகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது, அது பரிசுத்த ஆவியானவர் வளர்ப்பது. நாம் செய்வதெல்லாம் அவர் வளர்க்க இடம் கொடுப்பது, அதற்குத்தான் இந்தப் பயிற்சிகள்.

முதல் படி: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

எதையும் மாற்றவேண்டாம். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் இரவு, அன்று எந்த நேரத்தில் உள்ளே சூடேறியது என்று எழுதுங்கள். கத்தியது மட்டும் கணக்கில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது, வேண்டுமென்றே பதில் போடாமல் விட்டது, நல்ல வார்த்தையிலேயே குத்திப் பேசியது, மனதுக்குள் அந்த ஆளோடு மணிக்கணக்கில் சண்டை போட்டது, எல்லாமே கணக்குதான். பலர் "எனக்குக் கோபமே வராது" என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைக் கணக்கில் சேர்க்காததால்தான்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது யாருக்காக வந்த கோபம்? ஒரு பலவீனமான ஆளுக்கு அநியாயம் நடந்ததாலா, அல்லது என்னை மதிக்கவில்லை, என் பேச்சைக் கேட்கவில்லை, எனக்குச் சேரவேண்டிய பாராட்டு வேறொருவருக்குப் போய்விட்டது என்பதாலா? நேர்மையாக எழுதினால் ஒரு வாரத்தில் உங்களுக்கே ஒரு ஒழுங்கு தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று புண்கள்தான் திரும்பத் திரும்பத் தொடப்படுகின்றன. சிலருக்கு அறிவைக் குறைத்துப் பேசினால் போதும், சிலருக்குக் காத்திருக்க வைத்தால் போதும். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஜெபிக்கும்போது "ஆண்டவரே, என்னைச் சாந்தமாக்கும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிட "என்னைக் காத்திருக்க வைக்கிறவர்கள்மேல் எனக்கு வருகிற கசப்பை எடுத்துப்போடும்" என்று கேட்கமுடியும்.

இரண்டாவது படி: காலையில் வழக்கை ஒப்படையுங்கள்

சாந்தத்தைச் சண்டை வந்தபிறகு தேடினால் கிடைக்காது. அன்றைய நாள் தொடங்கும் முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பேதுரு தன் முதல் நிருபத்தில் இயேசுவைப் பற்றி எழுதுகிறார்: "அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்" (2:23). பதில் வையாதது பாதிதான், ஒப்புவித்தது மீதிப் பாதி. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் செய்ய முயன்றால் அது வெறும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது, கொஞ்ச நாளில் அடக்கி வைத்ததெல்லாம் சம்பந்தமில்லாத ஒரு ஆள்மேல் வெடிக்கும்.

அதனால் காலையில் 37-ஆம் சங்கீதத்தின் முதல் 11 வசனங்களை மெதுவாக வாசியுங்கள். சில வாரங்கள் தினமும் அதையே வாசியுங்கள், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் யார்மேல் உங்களுக்கு மனத்தாங்கல் இருக்கிறதோ அவர் பெயரைச் சொல்லி, என்ன நடந்தது என்பதையும் தேவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, "இந்த நியாயத்தை நீர் பார்த்துக்கொள்ளும், இன்று நான் இதை எடுத்து வாதாடமாட்டேன்" என்று சொல்லுங்கள். "இன்று" என்ற சொல் முக்கியம். ஆயுசுக்கும் ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்று சொல்வது பெரும்பாலும் நிற்பதில்லை. நாளைக்கு மறுபடியும் ஒப்படைக்கலாம். கடைசியில் சங்கீதம் 141:3 இருக்கவே இருக்கிறது: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பகலில் தேவைப்படும்.

மூன்றாவது படி: பதில் சொல்லும் அந்த நேரம்

இங்கேதான் ஜெயிப்பதும் தோற்பதும் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

யாக்கோபு 1:19 மூன்று விஷயங்களை வரிசையாகச் சொல்கிறது: கேட்பதில் தீவிரம், பேசுவதில் பொறுமை, கோபிப்பதில் தாமதம். அந்த வரிசையிலேயே செய்துபாருங்கள். யாராவது உங்களிடம் கடுமையாகப் பேசும்போது முதல் வேலை, அவர் பேசி முடிக்கும்வரை பதிலைத் தயாரிக்காமல் கேட்பது. இது கேட்க எளிதாக இருக்கும், செய்துபார்த்தால்தான் நம் காது எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்று தெரியும். அவர் முடித்ததும், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "நான் சொல்லாமல் முடிவெடுத்தது உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, அதைத்தானே சொல்கிறீர்கள்?" பெரும்பாலான சண்டைகளில் பாதிச் சூடு இங்கேயே இறங்கிவிடும், ஏனென்றால் மனிதனுக்கு முதலில் வேண்டியது தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதுதான். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று நீதிமொழிகள் 18:13 சொல்வதில் எந்த மிகையும் இல்லை.

உடம்பையும் மறக்கவேண்டாம். கோபம் வரும்போது மூச்சு மேலேறும், குரல் உயரும், கை இறுகும். குரலை வேண்டுமென்றே ஒரு படி இறக்குங்கள். நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள். பேச முடியாத அளவு கொதித்தால், "இப்போது பேசினால் தப்பாகப் பேசிவிடுவேன், சாயங்காலம் பேசலாமா" என்று நேரம் குறித்துக் கேளுங்கள், குறித்த நேரத்தில் நீங்களே போய்ப் பேசுங்கள். நேரம் குறிக்காமல் எழுந்து போவது எதிராளிக்கு இன்னொரு அடியாகத்தான் விழும்.

இப்போது நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு விஷயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 8-ஆம் அதிகாரத்தில் கிதியோன் என்ற இஸ்ரவேல் தலைவர் எதிரிகளான மீதியானியரைத் துரத்திக்கொண்டிருக்கிறார், இஸ்ரவேலின் ஒரு பிரிவான எப்பிராயீம் கோத்திரத்தார் வந்து "எங்களை ஏன் யுத்தத்துக்குக் கூப்பிடவில்லை" என்று பலத்த வாக்குவாதம் செய்கிறார்கள். கிதியோன் ஆயிரம் நியாயம் பேசியிருக்கலாம். அவர் சொன்னதோ, நீங்கள் செய்ததற்கு முன்னால் நான் செய்தது எம்மாத்திரம், மீதியானியரின் அதிபதிகளான ஓரேபையும் சேபையும் பிடித்தது நீங்கள்தானே என்பது. அது முகஸ்துதி இல்லை, உண்மையிலேயே அவர்களைப் பிடித்தது எப்பிராயீமர்தான். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர்கள் கோபம் ஆறிற்று. அவ்வளவுதான், முடிந்தது.

12-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அதே எப்பிராயீம், ஏறக்குறைய அதே குற்றச்சாட்டு, இந்த முறை யெப்தா என்ற வேறொரு இஸ்ரவேல் தலைவரிடம். இவர்கள் வீட்டையே கொளுத்திவிடுவோம் என்று மிரட்டினார்கள், அதையும் சொல்லவேண்டும், கிதியோனுக்கு வந்ததைவிடக் கடினமான நிலைதான். யெப்தா "நான் கூப்பிட்டேன், நீங்கள் வந்து இரட்சிக்கவில்லை" என்று தன் நியாயத்தைச் சொன்னார், சொன்னது பொய்யாகவும் இருந்திருக்காது. ஆனால் அந்தப் பேச்சு யுத்தத்தில் போய் நின்றது, 42,000 எப்பிராயீமர் செத்தார்கள். யோர்தான் துறைகளில் எப்பிராயீமரை அடையாளம் காண "ஷிபோலேத்" என்று சொல்லச் சொல்லி, சரியாக உச்சரிக்க வராதவனைப் பிடித்து வெட்டினார்கள், அதுவும் எல்லாரும் ஒரே இஸ்ரவேல். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: என் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது மட்டும் நான் பேச ஆரம்பிக்கப் போதுமான காரணமாகாது. கிதியோன் செய்ததுபோல எதிராளியிடம் இருக்கிற உண்மையான நல்ல விஷயம் ஒன்றைத் தேடி, அதை முதலில் சொல்லமுடியுமா என்று பாருங்கள். தேடினால் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் பேசத் தயாராகவில்லை.

வாட்ஸ்அப், மின்னஞ்சல் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எழுத்தில் குரல் இல்லை, முகம் இல்லை, அதனால் சாதாரண வரியும் கடுமையாகத் தெரியும். கோபத்தில் எழுதியதை எழுதுங்கள், ஆனால் அனுப்பும் இடத்தில் எழுதாதீர்கள், நோட்டில் எழுதுங்கள். ஒரு இரவு கழித்து வாசியுங்கள். குழுவில் ஒருவர் உங்களைப் பற்றிப் பேசினால் குழுவிலேயே பதில் போடாமல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், பத்துப் பேர் பார்க்கும்போது இரண்டு பேராலும் இறங்கி வரமுடியாது.

நான்காவது படி: திருத்தப்படும்போது

இதுதான் சாந்தத்தின் உண்மையான பரீட்சை என்று நான் நம்புகிறேன். திட்டுகிறவனைப் பொறுத்துக்கொள்வது ஒருவகையில் எளிது, நாம்தான் நல்லவன் என்ற எண்ணம் துணைக்கு இருக்கும். சரியாகக் குற்றம் கண்டுபிடித்தவரைப் பொறுத்துக்கொள்வதுதான் கடினம்.

அப்பொல்லோ என்று ஒருவர் அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் வருகிறார். சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர், எபேசுவில் ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்குத் தெரிந்தது யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானம் மட்டும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், கூடாரம் பண்ணுகிற தொழில் செய்த கணவனும் மனைவியும், அவரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாக விவரித்துக் காண்பித்தார்கள். மேடைப் பேச்சாளர் ஒருவர் கூடாரம் தைக்கிறவர்களிடம் கற்றுக்கொண்டார். அதன்பின் அவர் அகாயாவுக்குப் போய் விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாக இருந்தார் என்று எழுதியிருக்கிறது.

செய்யவேண்டியது இதுதான். யாராவது திருத்தினால் முதல் வாக்கியம் "சொன்னதற்கு நன்றி, யோசிக்கிறேன்" என்று இருக்கட்டும். அதோடு நிறுத்துங்கள். "ஆனால்" என்று தொடங்கினால் அந்த நன்றி செத்துப்போகும். விளக்கம் சொல்லவேண்டியது இருந்தால் மறுநாள் சொல்லலாம், மறுநாள் பார்த்தால் அநேகமாகச் சொல்லத் தேவையே இருக்காது. தனியாக உட்கார்ந்து, சொன்ன விதத்தையும் சொன்ன விஷயத்தையும் பிரித்துப் பாருங்கள். விதம் கரடுமுரடாக இருந்தாலும் விஷயத்தில் பத்தில் ஒரு பங்கு உண்மை இருந்தால் அந்த ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்பது பங்கையும் தேவன் பார்த்துக்கொள்வார், அதைத்தான் காலையில் ஒப்படைத்தோம்.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களிடம் பயமில்லாத ஒருவரிடம் போய், "என்னிடம் பேசுவது எப்போது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: சின்ன விஷயங்களில் விட்டுக்கொடுங்கள்

ஆதியாகமம் 26-இல் ஈசாக்கின் ஆட்கள் துரவு தோண்டுகிறார்கள், கேராரூர் மேய்ப்பர் வந்து தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். ஈசாக்கு அதற்கு ஏசேக்கு (வாக்குவாதம்) என்று பெயரிட்டுவிட்டு வேறொன்றைத் தோண்டுகிறார். அதற்கும் சண்டை, அது சித்னா (பகை). மூன்றாவதற்கு யாரும் வரவில்லை, ரெகொபோத் (விசாலமான இடம்) என்று பெயரிட்டு, கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார் என்கிறார். கவனியுங்கள், அவர் பலமில்லாமல் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ எங்களைப்பார்க்கிலும் மிகவும் பலத்தவனானாய்" என்று சொல்லித்தான் அந்த நாட்டு ராஜா அபிமெலேக்கே அவரைப் போகச் சொன்னார். சண்டை போடும் பலம் இருந்தும் தோண்டுகிற வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

நமக்கு இது தினசரி வாய்ப்பு. கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும். வரிசையில் முந்துகிறவர் முந்தட்டும். கூட்டத்தில் உங்கள் யோசனையை வேறொருவர் தன்னுடையதுபோலச் சொல்லி அது நிறைவேறினால், நிறைவேறியதற்காகச் சந்தோஷப்படப் பழகுங்கள். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால்கூடப் போதும். ஒரு எல்லையும் உண்டு: உங்களுடையதைத்தான் நீங்கள் விட்டுக்கொடுக்க முடியும். உங்கள் பொறுப்பில் இருக்கிறவர்களுடைய பங்கையும், உண்மையையும் விட்டுக்கொடுத்து நல்ல பெயர் வாங்குவது சாந்தத்தில் சேராது.

ஆறாவது படி: திருப்பி அடிக்க முடியாதவர்களிடம்

மேலதிகாரியிடம் மெதுவாகப் பேசுகிறோம், போதகரிடம் பணிவாகப் பேசுகிறோம். அதில் எவ்வளவு சாந்தம், எவ்வளவு பயம் என்று நமக்கே தெரியாது. பிள்ளைகளிடமும், நமக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடமும், வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டால் எடுக்கிற அந்த முகம் தெரியாத ஆளிடமும், வயதாகிச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிற பெற்றோரிடமும் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் அது தெரியும். சபையில் சாந்தசொரூபி, வீட்டில் இடி மின்னல் என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு விசுவாசமே கசந்துபோகும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. பெற்றோரின் கோபத்தால் தேவனையே கோபக்காரராக நினைத்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிள்ளையைக் கண்டிக்கவேண்டியது வந்தால், அதன் உயரத்துக்குக் குனிந்தோ உட்கார்ந்தோ பேசுங்கள். என்ன தப்பு என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், பழைய தப்புகளை இழுக்காதீர்கள், "நீ எப்போதுமே இப்படித்தான்" என்ற வாக்கியத்தை அடியோடு விட்டுவிடுங்கள். தண்டனை கொடுப்பதாக இருந்தால் உங்கள் கோபம் இறங்கியபிறகு முடிவு செய்யுங்கள். வயதானவர்களிடம், அவர்கள் சொல்வதைத் திருத்தும் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், தேதியும் பெயரும் மாறிப்போனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது. தொலைபேசியில் புகார் சொல்லும்போது, பேசுகிறவர் அந்தத் தவறைச் செய்தவர் இல்லை என்பதை நினைவில் வைத்து, புகாரை உறுதியாகவும் அவரை மரியாதையாகவும் நடத்துங்கள். இரண்டும் ஒன்றாக முடியும்.

நீங்கள் ஒருவரைத் திருத்தும் நிலையில் இருந்தால் கலாத்தியர் 6:1-ஐ முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்: சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள், "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு." தனியாக, சுருக்கமாக, அவர் மீண்டு வரவேண்டும் என்ற ஆசையோடு. அந்த ஆசை உங்களிடம் இல்லாவிட்டால் அன்றைக்குப் போகவேண்டாம்.

எங்கே பேசாமல் இருக்கக் கூடாது

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது அநியாயம். அடி வாங்குகிறவர்களிடமும், வீட்டில் வன்முறையைச் சகிக்கிறவர்களிடமும், "சாந்தமாக இரு, பொறுத்துக்கொள்" என்று வசனத்தை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அறையவில்லை, ஆனால் சும்மாவும் இருக்கவில்லை: "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டுவிட்டு மறுநாள் ரகசியமாக அனுப்பப் பார்த்தபோது, பவுல் தாங்கள் ரோமர் என்பதைச் சொல்லி, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்று உறுதியாக நின்றார். பிறகு ஒரு சமயம் ரோமப் பேரரசரான இராயனிடமே மேல்முறையீடு செய்தார். சட்டத்தின் உதவியைக் கேட்பதும், பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், நடந்ததை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வதும் சாந்தகுணத்துக்கு விரோதமானவை கிடையாது. நீங்கள் ஆபத்தில் இருந்தால் மேலே சொன்ன படிகளைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

தவறிப்போகும்போது

தவறும். மோசேயே கடைசிக் காலத்தில் மேரிபாவின் தண்ணீரிடத்தில் "கலகக்காரரே, கேளுங்கள்" என்று கத்தி, தண்ணீர் வரும்படி பேசு என்று தேவன் சொன்ன கன்மலையை இரண்டு தரம் அடித்தார். அதனால் கானானுக்குள் போகும் வாய்ப்பை இழந்தார். ஆனாலும் தேவன் அவரைவிட்டுப் போகவில்லை.

தவறியபிறகு இரண்டு திசையில் வேலை இருக்கிறது. ஒன்று உங்களிடமே. 1567 முதல் 1622 வரை வாழ்ந்த கத்தோலிக்க ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியார், சாந்தத்தை மற்றவர்களிடம் மட்டும் காட்டினால் போதாது, நம் குறைகளைப் பார்த்து நம்மேலேயே சீறுவதையும் விடவேண்டும் என்று கற்பித்தவர். நான் இதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். கோபப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபப்படுகிறவர் மறுநாள் இன்னும் எரிச்சலோடுதான் எழுந்திருப்பார். மனம் வருந்துங்கள், அறிக்கை செய்யுங்கள், மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள், தூங்கப் போங்கள்.

இன்னொன்று, காயப்பட்டவரிடம். அன்றே போங்கள், முடியாவிட்டால் மறுநாள். யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் பவுல், தன்னை அடிக்கச் சொன்னவரை "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று கூப்பிட்டுவிட்டார், அவர் பிரதான ஆசாரியர் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதும் அதே இடத்தில், எல்லார் முன்னாலும், எனக்குத் தெரியாது என்று சொல்லி வேதவசனத்தையே தனக்கு எதிராக எடுத்துக் காட்டினார். அந்த வேகம் நமக்கும் வேண்டும். மன்னிப்புக் கேட்கும்போது செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "நேற்று எல்லார் முன்னாலும் உங்களைத் தாழ்த்திப் பேசினேன், அது தப்பு, மன்னித்துவிடுங்கள்." "உங்களுக்கு வருத்தமாக இருந்திருந்தால் ஸாரி" என்பது மன்னிப்பாகாது, பழியை அவர் மனசின்மேல் போடுவது. "நீங்கள் அப்படிச் சொன்னதால்தான்" என்று ஒட்டுப்போடவும் வேண்டாம். எல்லார் முன்னால் பேசியிருந்தால் எல்லார் முன்னாலேயே கேளுங்கள். பிள்ளையிடம் என்றாலும் இதே மாதிரிதான், குறைத்துக்கொள்ள வேண்டாம். கேட்டுவிட்டு அவர் உடனே சிரிக்கவேண்டும், பழையபடி பேசவேண்டும் என்று காத்துக்கொண்டு நிற்காதீர்கள், அவருக்கு ஒரு நாளோ ஒரு மாதமோ ஆகலாம். அதுவரை பார்க்கும்போதெல்லாம் சாதாரணமாக வணக்கம் சொல்லுங்கள், வேலை இருந்தால் கூடமாட உதவுங்கள், அந்தப் பேச்சை மட்டும் அவராக எடுக்கும்வரை மறுபடி எடுக்காதீர்கள்.